ஆளுக்கான வரம்பு

விமான என்ஜின் பட்டறையில் ஷிப்ட் தொடங்குமுன் எண்ணெயையும் ஆட்களின் ரத்தத்தையும் ஒரே கருவியில் சோதிப்பது ஹசீனாவின் வேலை. இரண்டிலும் அது தேடுவது உலோகத் துகளைத்தான். எண்ணெயில் துகள் ஏறினால் உள்ளே பேரிங் தேய்கிறது என்று பொருள். என்ஜினை உடனே நிறுத்திவிடுவார்கள். ஆட்களுக்கான வரம்பு மட்டும் கொஞ்சம் தாராளம்.

பதினோரு வருடமாக பேரிங் சாணை பிடித்துத் தூசி தின்ற ஜெபராஜ், இருமிக்கொண்டே விரலை நீட்டினார். பச்சை விளக்கு எரிந்தது: 'வேலைக்குத் தகுதி.'

"மூச்சே விட முடியலம்மா. ரெண்டு நாள் லீவு எழுதேன்."

"நான் எங்கண்ணே எழுதறேன்? எல்லாம் இதுதான் எழுதுது."

அவர் திரும்பி நடந்தார். ஹசீனாவுக்குப் பொறுக்கவில்லை. மிச்சமிருந்த ரத்தத்தை ஏழாம் என்ஜினின் எண்ணெய் என்று பதிந்து உள்ளே தள்ளினாள். திரை சிவந்து அலறியது.

'தேய்மானம் அபாய அளவில். இனி ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. பதினைந்து நாள் ஓய்வு.'

"இங்க வந்து பாருங்கண்ணே! இது உங்க ரத்தம்!"

ஜெபராஜ் கிட்டே வந்து வாசிப்பதற்குள் அடியில் இன்னொரு வரி ஓடியது.

'ஏழாம் என்ஜினை இன்றே பிரிக்கவும். இரட்டை ஷிப்ட்: ஜெபராஜ்.'

அவர் இருமி முடித்துவிட்டு, கையுறையைத் தேடினார்.