வளைவில் சிக்கிய கேபிள்

“வாயைத் திறந்து கேட்டுடுங்களேன். பந்தயத்துல ஃபீனோட சைக்கிள் சேறாச்சுன்னா மாத்திக்க, மாற்று சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்க ஒருத்தர் வேணும்தானே?”

“அவ அப்பா சாகிறவரைக்கும் நின்ன இடம் அது, ஹில்டா. ரெண்டு வருஷமா நாக்கு நுனியிலதான் இருக்கு. வர மாட்டேங்குது.”

நேற்று என் கணவர் வான்னஸ் அப்படிச் சொன்னார். இப்போது கராஜ் ஜன்னல் வழியே நவம்பர் வெயில் என் மகள் ஃபீனின் சைக்கிள்மேல் விழுகிறது. பிரேக் கேபிளின் உறை சட்டத்துக்குள்ளே வளைவில் சிக்கிக்கொண்டு, காலையிலிருந்து அசைய மறுக்கிறது. போன பந்தயத்தில் உள்ளே புகுந்த வயல் சேறு காய்ந்து இறுகியிருக்கிறது. வான்னஸ் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் விட்டு முன்னாலிருந்து தள்ளுகிறார். ஃபீன் பின்னாலிருந்து குறடால் இழுக்கிறாள்.

“வான்னஸ், தள்ளுறீங்களா, தடவிக் குடுக்கிறீங்களா?”

“உன் பக்கம்தான் தூங்குது. சேர்ந்து பண்ணுவோம். ஒண்ணு, ரெண்டு…”

சரசரவென்று உறை முழுதாக வெளியே வருகிறது. ஃபீன் பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிடுகிறாள், மூக்கில் சேறு. இருவரும் சிரிக்கிறார்கள். அடுப்பில் சூப் கொதிக்கும் மணம் கராஜ்வரை வந்திருக்கிறது. வான்னஸ் கையைத் துணியில் துடைக்கிறார், துடைத்த கையையே மறுபடி துடைக்கிறார்.

“ஃபீன், ஞாயித்துக்கிழமை உன் மாற்று சைக்கிளை நான் பிடிச்சுக்கட்டுமா?”