நட்சத்திரம் போடாத ஊர்

“பாலா, கொள்ளேகாலத்துக்காரங்க பேரெல்லாம் தனியா எடுத்துக் கொடு. ஸ்வல்ப அர்ஜென்ட்” என்றார் மேனேஜர் முரளிதரன்.

பாலன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். போன மாதம் இதே மனிதர் இப்படித்தான் நஞ்சன்கூடு ஆட்களின் பெயர்களைக் கேட்டார். அடுத்த வாரமே அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் வேலை பார்க்கும் மைசூர் ஆயத்த ஆடை ஆலைக்கு ஆர்டர் குறைந்துவிட்டது என்று காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

“எதுக்கு சார்?”

“எடுப்பா, சொல்றேன்.” முரளிதரன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

பாலனின் போனும் அடித்தது. தையல் பிரிவில் வேலை செய்யும் அவன் மனைவி பாக்கியலட்சுமி. கொள்ளேகாலத்துக்காரி.

“ஏனுங்க, எங்கூர்க்காரங்க பேரை எடுக்கறாங்களாமா? காலையிலிருந்தே இங்க அதே பேச்சு, எல்லாரும் அழுதுட்டு இருக்கறாங்க. நெசமுங்களா?”

“யார் சொன்னது?”

“மறைக்காதீங்க. எனக்கு வேலை போச்சுன்னா எங்கம்மாவுக்கு டயாலிசிஸ் எப்படிங்க பண்றது? எல்லாம் என்ற ஈ.எஸ்.ஐ. கார்டுலதானே ஓடுது?”

அதுதான் பாலனையும் குடைந்தது. மாமியாருக்கு அவன் கார்டு செல்லாது. மருத்துவமனை வாசலில் அந்த அம்மாளை வைத்துக்கொண்டு நிற்பதை நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

“நான் பாத்துக்கறேன், வை” என்றான். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவனுக்கே தெரியவில்லை.

ஊழியர் விவரங்களைத் தேட கம்ப்யூட்டரில் அவனே எழுதி வைத்த புரோகிராமைத் திறந்தான். ‘எந்த ஊர்?’ என்று கேட்டு ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதில் கொள்ளேகால் என்று ஆங்கிலத்தில் அடித்து, பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும். மிச்ச எழுத்து எதுவாக இருந்தாலும் சரி என்று அது எல்லோரையும் வாரிக்கொண்டு வந்துவிடும். நட்சத்திரம் இல்லாவிட்டால் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிற பெயர்கள் மட்டும்தான் வரும்.

சட்டென்று அவனுக்குப் பொறி தட்டியது. கன்னடக்காரர்கள் அந்த ஊரைக் கொள்ளேகாலா என்று ‘ஏ’யோடு நிறுத்துவார்கள். தமிழ்க்காரர்கள் கொள்ளேகாலம் என்று கடைசியில் ஓர் ‘எம்’ ஒட்டித்தான் எழுதுவார்கள். பாக்கியலட்சுமியும் வேலைக்குச் சேர்ந்த அன்று அப்படித்தான் எழுதிக் கொடுத்தாள். அதைத் திருத்தாமல் அப்படியே ஏற்றியவன் பாலன்தான்.

நட்சத்திரத்தை அழித்தான். கொள்ளேகாலா என்று மட்டும் அடித்தான். தட்டினான்.

முதல் பெயரே தொட்டையன். தினமும் தன் டிபன் பாக்ஸிலிருந்து ராகி முத்தைக் களியைக் கிள்ளித் தருகிற மனிதர். ஆனாலும் பாலனின் கண் பரபரவென்று கீழே ஓடியது. பாக்கியலட்சுமி இல்லை.

“ஆய்தா?” தோளுக்குப் பின்னால் முரளிதரனின் குரல். பாலன் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினான்.

“ஆச்சு சார்.”

“இவ்வளவுதானா? ஏதோ ஸ்டார் போடுவியே, போன வாட்டி?”

“அது நஞ்சன்கூடுக்கு சார். அதுல ஸ்பெல்லிங் குழப்பம். இதுல தேவையில்ல.” கழுத்தில் வேர்வை இறங்கியது.

“கேன்டீன்ல பாத்தா பாதிப் பேர் கொள்ளேகாலம்ங்கறாங்களே?”

“சும்மா சொல்லிக்குவாங்க சார். அந்த ஊர்னா மாந்திரீகம் தெரியும்னு நெனச்சு சூப்பர்வைசருங்க பயப்படுவாங்கல்ல?”

முரளிதரன் குலுங்கிச் சிரித்தார். பெங்களூரிலிருந்து வந்து சில மாதங்களே ஆனவர். யார் யாருக்கு வீட்டுக்காரி என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

“சரி, ஒருத்தரும் விட்டுப்போகலைன்னு கையெழுத்துப் போட்டுடு. நாளைக்கு யாராவது வந்து நின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

பாலன் போட்டான். பட்டியல் அப்போதே தலைமை அலுவலகத்துக்கு மெயிலில் பறந்தது.

தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே வந்து போனைப் போட்டான். “உன் பேர் வரல. யார்கிட்டயும் மூச்சு விடாத.”

மறுமுனையில் பாக்கியலட்சுமி அழுதேவிட்டாள். “மாதேஸ்வரா, காப்பாத்திட்ட சாமி! எங்கம்மா பொழச்சுக்குமுங்க.”

அவனுக்கும் கண் கலங்கியது. தொட்டையனை நினைத்தால்தான் உறுத்தியது. பாவம், எந்தத் தேதி என்றாவது தெரிந்தால் அவர் காதில் போட்டு வைக்கலாம். உள்ளே போனான்.

“சார், இவங்களை எப்ப நிறுத்தப் போறீங்க?”

“நிறுத்தறதா? நல்லா கேட்ட போ!” முரளிதரன் சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்தார். “கொள்ளேகாலத்துல புது யூனிட் திறக்கறோம்ப்பா, உள்ளூர்க்காரங்களைத்தான் வெச்சுக்கணும்னு ஆர்டர். அதனால இந்த லிஸ்ட்ல இருக்கறவங்களுக்கு மட்டும் அங்க வேலை. மைசூர் யூனிட்டை மூடறோம், மத்த தையல்காரங்க அத்தனை பேருக்கும் இன்னிக்குத்தான் கடைசி நாள்.”