கடற்கரைக் கிளப்பின் காற்சட்டை

“நீளக் காற்சட்டை இல்லாமல் உள்ளுக்கு விட ஏலாது, தம்பி. கொமிற்றியின்ரை சட்டம்” என்றார் கிளப் செயலாளர் ஜெபரட்ணம். கோட்டும் கழுத்தில் ரையுமாக, வாசல் மேசைக்குப் பின்னால் மலைபோல உட்கார்ந்திருந்தார்.

பரமலிங்கம் தன் வேட்டியைப் பார்த்தான். உள்ளே மீனாம்பிகை பியானோ வாசிக்கத் தொடங்கிவிட்டாள். “கேக்க வராட்டில் கலியாணப் பேச்சே வேண்டாம்” என்று சொல்லியிருந்தாள். கடற்காற்றில் மிதந்து வந்த அந்த இசை அவனை நிலத்திலிருந்து ஒரு முழம் தூக்கியது.

அப்போது மதிலுக்கு மேலால் ஒரு காற்சட்டை பறந்து வந்து அவன் தோளில் விழுந்தது. “போட்டுக்கொண்டு வாடா!” என்றது உள்ளேயிருந்து சிநேகிதன் தியாகலிங்கத்தின் குரல்.

மூன்று பரமலிங்கம் கொள்ளும் காற்சட்டை. வேட்டிக்கு மேலேயே மாட்டி, இரண்டு கையாலும் இடுப்பில் பிடித்தபடி வாசலுக்கு வந்தான்.

ஜெபரட்ணம் உற்றுப் பார்த்தார். பரமலிங்கம் இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

“சரி, போம்.”

உள்ளே ஊர் ஆம்பிளைகள் முழுப்பேரும் வேட்டியோடு, பாய் விரித்த வள்ளங்கள் போல மெல்ல ஆடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் அதே காற்சட்டையில் ஒவ்வொருவராக வந்தவர்கள்.

“தம்பி!” ஜெபரட்ணம் வாசலிலிருந்து எழுந்து கூப்பிட்டார். கோட்டுக்குக் கீழே இடுப்பில் வெறும் சாரம். “நான் இரவல் குடுத்த என்ரை காற்சட்டையைக் கெதியாக் கழட்டித் தாரும். சாரத்தோடை என்னையும் கொமிற்றிக்காரர் உள்ளுக்கு விடமாட்டாங்கள்!”