எதிர்ப்பக்கம் மட்டும் வேண்டாம்

ஹென்ட்ரிக் ஸ்டேடியத்தின் வரைபடத்தைக் கட்டிங் டேபிளில் விரித்து, சுருண்டு எழுந்த ஓரங்களை நூல்கோன்களை வைத்து அடக்கினார்.

“எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். நீங்களே தேர்ந்தெடுங்கள்” என்றார் ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி.

வேலுமணி வரைபடத்தின் மேல் குனிந்தார்.

அடுத்த மாதம் ஹாலந்தில், ஹென்ட்ரிக்கின் ஊர்க் கால்பந்து அணிக்கு சீசனின் கடைசி ஆட்டம். கிழக்குப் பக்கத்தில் உட்காரும் ரசிகர்கள் அத்தனை பேருக்கும் இலவச மஞ்சள் டி-ஷர்ட். வாங்கியது ஹென்ட்ரிக் வேலை பார்க்கும் நிறுவனம். தைத்து அனுப்பியது வேலுமணியின் திருப்பூர் பனியன் கம்பெனி. அந்தக் காட்சியைப் பார்க்க வேலுமணியும் மனைவி சாரதாமணியும் வந்தே ஆகவேண்டும் என்று அழைப்பு.

ஆட்டம் முடிந்த பிறகுதான் அடுத்த வருட ஆர்டர் பற்றிப் பேச்சு. அந்த ஆர்டர் வந்தால் கம்பெனி நிமிர்ந்துவிடும். வராவிட்டால் பாதி மெஷினுக்கு உறை போட்டு மூடவேண்டியதுதான்.

ஹென்ட்ரிக் மேற்குப் பக்கத்தில் விரலை வைத்தார். கண்ணாடி அறை. சோபா, சாப்பாடு, ஏசி எல்லாம் உண்டு. கிழக்குப் பக்கம் முழுவதும் நேர் எதிரே தெரியும்.

தனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது என்றார் வேலுமணி. ஆபீஸ் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு மதியத் தூக்கம் போடுகிறவர் அவர்.

அதே பக்கம் மேல்மாடி? தலை சுற்றும். கீழே, மைதானத்தை ஒட்டி? வெயில் கண்ணில் அடிக்கும்.

வெயிலா, எங்கள் ஊரிலா என்று ஹென்ட்ரிக் சிரித்தார்.

சாரதாமணிக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, நம்ம சரக்கப் பாக்கத்தானுங்க போறோம்? எதுத்தாப்புல உக்காந்தாத்தான மொத்தமாத் தெரியும்?”

வேலுமணி மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார்.

“எதுக்குங்க மிதிக்கறீங்க?” என்று செக்கிங் செக்‌ஷன் வரை கேட்கும்படி கேட்டாள்.

நல்லவேளை, ஹென்ட்ரிக்குக்குத் தமிழ் தெரியாது. வேலுமணி அவரைப் பார்த்துச் சிரித்தபடி, காபி சொல்கிற குரலில் மனைவியிடம் சொன்னார்.

“மஞ்ச ரெண்டு மஞ்சயாப் போச்சு புள்ள. சிரிச்ச மொகமா இரு.”

முதலில் வந்த ஆர்டர் பத்தாயிரம். கடைசி நேரத்தில் ஹென்ட்ரிக் போன் செய்து இன்னும் நாலாயிரம் கேட்டார். துணி மறுபடியும் சாயப்பட்டறைக்குப் போனது. முதல் லாட் அரைத்த மஞ்சள் நிறம். இரண்டாவது லாட்டில் எலுமிச்சை லேசாக எட்டிப் பார்த்தது. கப்பல் தேதி கழுத்தை நெரித்ததால், பேக்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் சாரதாமணியிடம்கூட மூச்சு விடாமல் வேலுமணி அனுப்பிவிட்டார்.

தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. பதினாலாயிரம் பேர் போட்டுக்கொண்டு உட்கார, எதிரே இருந்து பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

சாரதாமணியின் முகம் ஒரு நொடி சுருங்கியது. மறுநொடியே மலர்ந்தது. கிழக்குப் பக்கத்தின் நட்டநடுவில் விரலை ஊன்றினாள்.

தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி ஹென்ட்ரிக்கிடம் பேசினாள். சென்னிமலையில் எங்கள் முருகனுக்குத் தேர் ஓடும். அதை மாடியில் நின்று பார்த்தால் பார்த்த மாதிரி ஆகுமா? ஜனத்தோடு ஜனமாக நின்று வடம் பிடிக்க வேண்டாமா? நாங்கள் இங்கேதான் உட்காருவோம். நீங்களும் எங்களோடுதான் உட்கார வேண்டும்.

வேலுமணிக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் மேல் இவ்வளவு பிரியம் அவருக்கு வந்ததே இல்லை.

ஹென்ட்ரிக் ஒரு கணம் யோசித்தார். பிறகு பேனாவை எடுத்து அங்கேயே பக்கத்தில் பக்கத்தில் மூன்று வட்டம் போட்டார்.

வேலுமணி மூச்சு விட்டார்.

“அங்கே உட்காருகிறவர்கள் டி-ஷர்ட் போட்டாக வேண்டும்” என்றபடி ஹென்ட்ரிக் தன் பையைத் திறந்தார். வேலுமணிக்கு ஒன்று, சாரதாமணிக்கு ஒன்று. இரண்டையும் மேசையில் ஒட்டினாற்போல் வைத்து, கையால் நீவிவிட்டார்.

டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்று அரைத்த மஞ்சள். இன்னொன்று எலுமிச்சை.

சாரதாமணி சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தாள்.

ஹென்ட்ரிக் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். கிழக்குப் பக்கத்து இருக்கைகளை முதலில் எண்ணியவர் அவர்தான். மேல்வரிசைகளை எண்ண மறந்துவிட்டார். அதனால் வந்ததுதான் அந்த நாலாயிரம். அவருடைய முதலாளிக்கு அது இன்றுவரை தெரியாது; இரண்டு மஞ்சளை எதிரே இருந்து பார்த்தால் ஏன் என்று கேட்பார், குட்டு உடைந்துவிடும்.

அடுத்த வருட ஆர்டரில் கையெழுத்துப் போடப்போவதும் அந்த முதலாளிதான். அவர் உட்காருவது அந்தக் கண்ணாடி அறையில். திருப்பூர் விருந்தாளிகளைத் தன்னோடு அங்கேயே உட்காரவைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் ஹென்ட்ரிக் கேட்டாக வேண்டியிருந்தது. நீங்கள் சரி என்று சொல்லிவிடுவீர்களோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் கேட்டேன் என்றார்.

இப்போது பேனா மறுபடியும் வரைபடத்தில் இறங்கியது. நாலாவதாக ஒரு வட்டம் விழுந்தது, சாரதாமணியின் இருக்கையை ஒட்டி.

“விருந்தாளி எங்கேயோ, முதலாளியும் அங்கேதான். அது எங்கள் மரியாதை” என்றார் ஹென்ட்ரிக்.