மைத்துனன் உட்கார்ந்த குடிசை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும்.

ஆதிகுடிகளின் வாழ்க்கையைக் கொண்டாடும் கேளிக்கைப் பூங்காவுக்கு நானும் என் மனைவியும் அவள் தம்பியும் போயிருந்தோம். உள்ளே பாப்கார்ன் எண்ணெய் நாறியது. பிளாஸ்டிக் இலை கட்டியவர்கள் கொட்டாவி விட்டபடி ஆடினார்கள். ஒரு குடிசைக்குள் மெழுகுக் குடும்பம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. கழிப்பறையைத் துடைத்த அதே துணியால் ஒருத்தி அவர்கள் முகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மைத்துனன் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய் நடுவில் உட்கார்ந்தான். தன் வாயிலிருந்த சூயிங்கத்தை எடுத்து மெழுகுக் கிழவரின் வாயில் திணித்தான்.

"மாமா, ஒரு போட்டோ எடுங்க. பெருசும் கொஞ்சம் மெல்லட்டும்."

எடுத்தேன். கிழவர் மென்றார். மைத்துனன் எழுந்திருக்கவில்லை.

"டேய், விளையாடாதடா, பஸ் போயிடும்" என்று மனைவி அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். விரல்களில் மெழுகு ஒட்டியது.

துடைப்பவளிடம் கெஞ்சினாள். "இது என் தம்பிம்மா. எப்படியாவது வெளியே விடு."

"இங்க உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் வெளியில ஒரு அக்கா இருக்காங்கம்மா. கொஞ்சம் தள்ளுங்க" என்றவள், மைத்துனன் கன்னத்தில் வழிந்த கண்ணீரை அதே துணியால் துடைத்துவிட்டாள்.

என் மனைவியோ, கூடப்பிறந்தவர் யாருமில்லாத ஒற்றைப் பிள்ளை.