போதகரின் முகம்

கண்ணை மூடினான். மறுபடியும் போதகர்தான் வந்தார்.

கறுப்பு அங்கி. கழுத்தில் வெள்ளைத் துணி. கையில் வேதப்புத்தகம்.

கண்ணைத் திறந்தான். எதிர்ச் சுவரில் அதே ஆள்.

கார்டிஃப் நகரின் சிறிய ஓவியக்கூடம் ஒன்றில் அவனுக்குக் காவல் வேலை. ஆறு வருடமாக ஒரே அறை, ஒரே நாற்காலி. எதிரே, ஆளுயரத்தில், எண்ணெய் வண்ணத்தில் ஒரு வேல்ஸ் போதகர். கீழே பித்தளைத் தகட்டில் எலையாஸ் ப்ரொதரோ, 1847 என்று இருக்கும். மழை நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். மற்ற நாட்களில் அவனும் போதகரும்தான்.

அவன் தேடியது தம்பியின் முகத்தை.

நிரோஜன். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில் காணாமற்போனான். அப்போது தம்பிக்கு இருபது வயது. அண்ணன் அதற்கு மூன்று வருடம் முன்பே நாட்டை விட்டு வந்துவிட்டான். ஆல்பங்கள் இருந்த பை, வீட்டார் இடம்பெயர்ந்து ஓடிய வழியில் எங்கோ விழுந்துபோயிற்று.

ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

கிளிநொச்சியில், காணாமற்போனவர்களின் தாய்மார் தெருவோரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியிடமும் ஒரு படம். அவனுடைய அம்மாவிடம் பெயர் எழுதிய அட்டை மட்டும்.

போன கிழமை அம்மா போனில் சொன்னாள்.

"சித்திர ரீச்சர் ஒராள் வாறா. அடையாளம் சொன்னா அப்பிடியே கீறித் தருவாவாம். எனக்கு அவன்ர முகம் வருகுதில்லையடா. நீதான் சொல்லோணும். ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்தனீங்கள்."

தனக்கும் வருவதில்லை என்று அவன் சொல்லவில்லை.

அன்று மதிய இடைவேளையில் போன் அடித்தது. படிக்கட்டில் நின்று எடுத்தான். அம்மாவின் போனில் அந்தச் சித்திர ஆசிரியைதான் பேசினாள்.

"நெத்தி எப்பிடி அண்ணா?"

அகலமான நெற்றி என்றான்.

"புருவம்?"

இடது புருவம் சற்று ஏறியிருக்கும்.

சொல்லச் சொல்ல எளிதாயிற்று. கண் நேரே பார்க்காது, ஒரு பக்கமாகப் பார்க்கும். மூக்கின் இரு பக்கமும் கோடு விழுந்திருக்கும். கீழுதடு தடித்தது. வாய் எப்போதும் இறுக மூடியிருக்கும்.

தாளில் பென்சில் ஓடுவது கேட்டது.

"கழுத்தில?"

வெள்ளைத் துணி என்று வாய்வரை வந்துவிட்டது.

அவ்வளவு நேரமும் யாரைச் சொல்லிக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணா, லைன்ல நிக்கிறீங்களோ?"

பிழையாகச் சொல்லிவிட்டேன், கிழித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான்.

அங்கே தாள் சரசரத்தது; அம்மா வாங்கிப் பார்க்கிறாள். பிறகு அழத் தொடங்கினாள். மெல்ல, மூச்சை இழுத்து இழுத்து.

"அவன்தான் ரீச்சர்," என்றாள். "அவன்தான்."

அவன் படிக்கட்டில் உட்கார்ந்தான்.

"கொலர் வச்ச சேட்," என்றான்.

அன்று பின்னேரமே மேற்பார்வையாளரிடம் வேறு அறை கேட்டான். ஏன் என்றாள். குளிர்கிறது என்றான். பீங்கான் சாடிகள் இருக்கும் அறையைக் கொடுத்தாள்.

அங்கே முகங்கள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கொட்டகையிலிருந்து வீடியோவில் வந்தாள். படத்துக்குச் சட்டம் போட்டாயிற்று. மழை படாமல் பொலித்தீன் சுற்றி, நெஞ்சோடு பிடித்திருந்தாள். கொலர் வைத்த சட்டை போட்ட ஒரு நடுவயது மனிதர் அதில் எங்கோ ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வயசு போனமாதிரிக் கிடக்கு," என்றாள்.

பொலித்தீனை விரலால் நீவிவிட்டாள்.

"இப்ப இருந்தா இப்பிடித்தானே இருப்பான், என்னடா?"

"ஓம் அம்மா," என்றான்.