மாதிரி வீட்டு அடுப்பு

விற்பனை அலுவலகத்து மேஜைமேல் புதுக் குடியிருப்பின் அட்டை மாதிரி இருந்தது. முன்பக்கம் சந்தை விலைக்குப் பத்து மாடி, பின்பக்கம் குறைந்த விலைக்குச் சின்ன வீடுகள். சின்ன வீடுகளைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் பொம்மைக் கார்களை ஒட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து காலையில்தான் உத்தரவு வந்திருந்தது. பெயர்த்த வீடுகளை விற்பனைப் பெண் மேகலா இழுப்பறையில் போட்டு மூடியபோது பேச்சியம்மாளும் அவள் புருஷனும் வந்தார்கள். சின்ன வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஞாயிறு தவறாமல் வருகிறவர்கள். மேஜைப் பக்கம் திரும்பாமல், வருகிறவர்களுக்குக் காட்டவென்று ஜோடித்து வைத்திருந்த மாதிரி வீட்டுக்குள் நேராகப் போனார்கள்.

"நம்ம வீடு எப்ப எழும்புமோ தெரியல. இன்னைக்கு நாள் நல்லாருக்கு தாயி, பாலை மட்டும் காய்ச்சிட்டுப் போயிடுதோம்" என்றாள் பேச்சியம்மாள்.

"அது சும்மா காட்சிக்கு வச்ச அடுப்பு, அக்கா. கேஸ் கிடையாது."

"இருக்கட்டும்."

அடுப்புக்குப் பொட்டு வைத்து, புதுச் சட்டியில் பாலை ஊற்றி ஏற்றினாள். புருஷன் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து கைகட்டி நின்றான். இருவரும் பாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வீடுகள் இனி கிடையாது என்ற விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் மேகலா கிட்டே போனாள். வாசலில் அவளும் செருப்பைக் கழற்றினாள்.

வெளியே கார் வந்து நின்றது. பத்து மாடியில் வீடு பார்க்க வந்தவர் எட்டிப் பார்த்து, "உள்ள வரலாமா?" என்றார்.

மேகலா திரும்பவில்லை.

"கொஞ்சம் இருங்க சார். பால் இன்னும் பொங்கலை."